நல்லரத்தினத்தின் தோணியில் மட்டும் முதலை தெரிவதில்லை

மட்டக்களப்புக்கு விடுமுறைக்கு வருகிறவர்கள் எதையெதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் விஷயம் தெரிந்தவர்கள் ஒரே மாதிரித்தான் பதில் சொல்வார்கள். பாசிக்குடாவில் இடுப்பளவு தண்ணீருக்குள் கால் ஓயும்வரை நடந்து பாருங்கள். கல்லடிப் பாலத்தில் நின்று காற்று வாங்குங்கள். முகத்துவாரத்து வெளிச்சவீட்டுப் பக்கம் போய் வாவியும் கடலும் முட்டிக்கொள்வதைப் பாருங்கள். பனிச்சங்கேணியில் வெயில் சாயும்வரை உட்கார்ந்திருங்கள். எல்லாம் நல்ல இடங்கள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவை வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாத காட்சிகள். பேசும் காட்சி ஒன்று பட்டிருப்புப் பாலம் தாண்டி, பழுகாமத்துத் துறையில் இருக்கிறது. அதன் பெயர் நல்லரத்தினம்.

ஒல்லியான மனிதர். மீசையை மழித்துவிட்டால் காற்றுக்கு ஈடுகொடுக்க மாட்டார். பிறந்தது மண்டூரில். எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணத்தோடு மனைவி ஆச்சிப்பிள்ளையின் வீட்டுக்குக் குடிவந்தார். இங்கே வீடு பெண்ணுக்கு, வளவு பெண்ணுக்கு, வளவில் நிற்கும் தென்னையும் பெண்ணுக்கு. மாப்பிள்ளை கொண்டுவருவது உடம்பும் ஒரு உடுப்புப் பெட்டியும்தான். நல்லரத்தினம் மேலதிகமாக இரண்டு பொருள்கள் கொண்டுவந்தார். ஒன்று தோணி. மற்றது, தகப்பன் காதுக்குள் சொல்லிக்கொடுத்த முதலை மந்திரம்.

நாங்கள் பேச்சில் ஆறு என்று சொல்லும் எங்கள் வாவியில் முதலை உண்டு. வலை வீச இறங்குகிறவர்கள் தண்ணீரில் கால் வைக்குமுன் அந்த மந்திரத்தைச் சொல்வார்கள். சொன்னால் முதலையின் வாய் கட்டுப்பட்டுப் போகும், அந்தப் பக்கமே அது தலைகாட்டாது என்பது நம்பிக்கை. நம்பிக்கை என்று மரியாதைக்குத்தான் சொல்கிறேன். வாழ்நாள் முழுக்க அந்தத் தண்ணீரில் நின்று மீன் பிடித்த நல்லரத்தினத்தின் இரண்டு கால்களும் இன்னமும் அவரிடமே இருக்கின்றன.

மீன்பிடி குறைந்து, வெளியூர்க்காரர் வரத்துக் கூடிய பிறகு அவர் வேறு தொழிலுக்கு மாறினார். இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து, கிடுகுக் கூரை ஒன்றும் போட்டார். கல்லடியில் விடுதி நடத்தும் காத்தான்குடிப் பிள்ளை றிஸ்லான், தன்னிடம் தங்கும் விருந்தாளிகளை வாவி பார்க்க அவரிடம் அனுப்பத் தொடங்கினான்.

அன்றுமுதல்தான் நல்லரத்தினம் உண்மையாகவே வாழத் தொடங்கினார். ஏனென்றால், மீனுக்குக் காது இல்லை, விருந்தாளிக்கு இருக்கிறது.

தாமரை படர்ந்த இடம் வந்தால், "இந்த இலையில கோடைக்குப் பூனையள் நடந்து அக்கரைக்கு மீன் வாங்கப் போறது" என்பார். மாடு மேயும் ஒரு தீவு வந்தால் குரலைத் தாழ்த்துவார். ஒல்லாந்தக் கப்பித்தான் ஒருவனின் பொய்முடியைக் கச்சான் காற்று பறித்துக்கொண்டு போய் அந்தத் தீவின் மரத்தில் மாட்டியதாம். அதில் கொக்கு கூடு கட்டியதாம். அந்தக் கூட்டில் பொரித்த கொக்குகளின் வம்சம் மட்டும் இன்றைக்கும் தலையில் நடுவகிடு எடுத்திருக்குமாம். கொழும்புக்காரர் கண்ணாடி போட்டு உற்றுப் பார்ப்பார்கள். சிலர் வகிடு தெரிகிறது என்றும் சொல்லியிருக்கிறார்கள். அவர் பிடித்த இறால் ஒன்றின் மீசையில் ஆச்சிப்பிள்ளை இரண்டு நாள் உடுப்புக் காயப்போட்டதாகச் சொல்வதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒருநாள்தான் காயப்போட்டார். மறுநாள் மழை.

இப்படி எல்லாம் சிறப்பாக நடந்துகொண்டிருந்த தொழிலில் ஒரேயொரு ஓட்டை. அவருடைய தோணியில் போகிறவர்களுக்கு முதலை தெரிவதில்லை.

கொக்கு தெரியும். கூழைக்கடா தெரியும். நீர்நாய் குடும்பத்தோடு வந்து எட்டிப் பார்க்கும். முதலை மட்டும் இல்லை. அக்கரைத் துறையில் எஞ்சின் படகு வைத்திருக்கும் திவாகரன் என்ற இளந்தாரி, தினமும் விருந்தாளிகளுக்கு முதலை காட்டினான். அதே வாவி, அதே கரை, அதே வெயில். அவன் போகும்போது மேட்டில் வரிசையாகக் கிடக்கிற முதலைகள், நல்லரத்தினத்தின் தோணி திரும்பினால் பள்ளிக்கூட மணி அடித்ததுபோல ஒன்றுவிடாமல் தண்ணீருக்குள் இறங்கிவிடும்.

சென்ற ஆனி மாதம் றிஸ்லான் மோட்டார் சைக்கிளில் பழுகாமம் வந்தான். முகம் வாடியிருந்தது.

"அண்ணன், என்ட மாமி டோஹாவில இருந்து வந்திரிக்கா. ஆத்தில முதல பாக்கணுமாம்."

"கூட்டிவாவன் மனே. எத்தன முதல வேணும்?"

"பகிடி விடாதீங்க. போன கிழம போனவங்களும் ஒரு வாலக் கூடக் காணல்ல எண்டுதான் வந்து சொன்னாங்க. விடுதி ஆர்ட பேர்ல இரிக்கி தெரியுமா? என்ட பேர்லயா?"

நல்லரத்தினம் தலையைச் சொறிந்தார். காத்தான்குடியிலும் அதே வழக்கம்தான். வீடு பெண்வழி. றிஸ்லான் மாப்பிள்ளையாகப் போன வீட்டின் முன்பக்கம்தான் விடுதி. மாமியார் நபீஸா மகளுக்கு எழுதிக் கொடுத்த சொத்து. எழுதிக் கொடுத்தாரே தவிர அதிகாரத்தைக் கொடுக்கவில்லை.

"மாமி முதலயக் கண்டா இந்த வருசத்து ஆக்கள் எல்லாம் உங்கட தோணிக்குத்தான். காணல்லெண்டா திவாகரன்ட போட்டுக்கு. மாமி சொல்லிட்டா. நான் மறிச்சிப் பேசினா எனக்கி ராவைக்குச் சோறில்ல."

றிஸ்லான் போன பிறகு நல்லரத்தினம் வாசலில் அசையாமல் நின்றார். வருமானம் போனால் வலை இருக்கிறது, வயிற்றுப்பாடு கழியும். அவருடைய பயம் அதுவல்ல. விருந்தாளி வராவிட்டால் அந்தக் கப்பித்தானின் பொய்முடியை யாரிடம் சொல்வது? ஊரார் எல்லோரும் கேட்டு முடித்தவர்கள். வீட்டிலோ, அவர் "ஒருநாள்" என்று வாயெடுத்தாலே ஆச்சிப்பிள்ளை உலக்கையை எடுத்து மா இடிக்கத் தொடங்கிவிடுவார். கேட்க ஆளில்லாமல் போனால் நல்லரத்தினம் என்ன, இன்னொரு கிழவன்.

"ஏன் இப்பிடி நிக்கிறீங்க? பேயடிச்சமாதிரி" என்று ஆச்சிப்பிள்ளை கேட்டார்.

அவர் சொன்னார். சுருக்கமாகச் சொன்னார். அதுவே ஆச்சிப்பிள்ளைக்குப் பயத்தை உண்டாக்கியது.

மறுநாள் காலை ஆச்சிப்பிள்ளையும் தோணியில் ஏறினார். காரணம் என்னவென்று தானே பார்த்துவிடுவதாகச் சொன்னார். நல்லரத்தினம் சவள் என்ற நீளக் கோலை ஊன்றித் தோணியைத் தள்ளினார். தள்ளும்போது அவருடைய உதடு அசைந்தது.

"என்ன முணுமுணுக்கிறீங்க?"

"நான் ஒண்டும் முணுமுணுக்கல்ல."

"திரும்பக் கரைக்கு விடுங்க. இப்ப தள்ளுங்க."

தள்ளினார். உதடு அசைந்தது.

ஆச்சிப்பிள்ளை இடுப்பில் கையை வைத்தார். "இஞ்ச பாருங்க. நீங்க முதலக் கட்டுச் சொல்லுறீங்க."

நல்லரத்தினம் திடுக்கிட்டார். சின்ன வயதிலிருந்து தோணி தள்ளும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி, மூச்சு விடுவதுபோல அது தானாகவே வந்துகொண்டிருந்தது. விருந்தாளிகளை முதலை பார்க்கக் கூட்டிப்போகும் மனிதர், ஒவ்வொரு முறையும் கரையிலேயே முதலைகளைக் கட்டிவிட்டு, பிறகு நாள் முழுக்க அவற்றைத் தேடியிருக்கிறார்.

"அப்ப வாவி முதலையெல்லாம் வாய் கட்டுப்பட்டா கிடக்கு?" என்றார் ஆச்சிப்பிள்ளை. "பாவங்கள், எத்தன நாளாப் பட்டினியோ."

அன்று பகல் முழுவதும் மந்திரம் சொல்லாமல் தோணி தள்ளப் பழகினார்கள். வாய் நிறைய வெற்றிலை போட்டுப் பார்த்தார். மந்திரம் வெற்றிலைச் சாற்றோடு வந்தது. தேவாரம் பாடச் சொன்னார் ஆச்சிப்பிள்ளை. முதலடி தேவாரமாகவும் இரண்டாமடி முதலையாகவும் வந்தது. உதட்டைப் பல்லால் கடித்துப் பார்த்தார், மூக்கால் வந்தது.

கடைசியில் ஆச்சிப்பிள்ளை உள்ளே போய் வெள்ளை வேட்டி ஒன்றிலிருந்து நீளமாக ஒரு துண்டு கிழித்துக்கொண்டு வந்தார்.

"திரும்புங்க."

"என்னத்துக்கு?"

"மண்டூர்க் கோயில்ல கப்புகனார் வாயக் கட்டிக்கொண்டுதானே பூச செய்யிறார். மந்திரம் இல்ல, சத்தம் இல்ல. அதுக்கு முருகன் ஏதும் குற சொன்னவரா? நபீஸா ராத்தா மட்டும் சொல்லப்போறாவா?"

மண்டூரில் பிறந்த மனிதர் திரும்பி நின்றார். "அப்ப ஆர் கத சொல்லுற?" என்று மட்டும் கேட்டார்.

"நான் சொல்லுறன்."

நல்லரத்தினம் கண்ணை மூடிக்கொண்டார். ஆச்சிப்பிள்ளை வாழ்க்கையில் ஒரு பொய் சொல்லி ஊரில் எவரும் கேட்டதில்லை.

நபீஸா வந்த நாள் நல்ல வெயில். கையில் பூப்போட்ட குடை, தோளில் பெரிய பை, காலில் பளபளக்கும் செருப்பு. தோணியின் நடுவில் கதிரை போட்டு உட்காரவைத்தார்கள். பின்னால் றிஸ்லான், உதட்டுக்குள் ஏதோ ஓதியபடி. தோணியின் முன்முனையில் ஆச்சிப்பிள்ளை. பின்முனையில் சவளோடு நல்லரத்தினம், மூக்குக்குக் கீழே வெள்ளைத் துணியோடு.

"இவருக்கு என்ன, பல்லுக் கொதியா?" என்று நபீஸா கேட்டார்.

"இல்ல ராத்தா. பக்தி" என்றார் ஆச்சிப்பிள்ளை. அதுவும் பொய்யில்லை.

தோணி நகர்ந்தது. துணிக்குப் பின்னால் உதடு துடித்தது, சத்தம் வரவில்லை. வாவி அன்றைக்குக் கழுவித் துடைத்த தட்டுப்போலக் கிடந்தது. தாமரை இலைகளில் தண்ணீர்த்துளிகள் உருண்டு விளையாடின. கரையோரச் சதுப்பில் வளர்ந்த கண்ணாக்காட்டின் நிழலில் மீன்கொத்தி ஒன்று நீலக் கோடு கீறிவிட்டுப் போனது. அக்கரையில் வயல்வட்டை முழுக்க நெல் வேளாண்மை கதிர் தள்ளி, காற்று வரும் பக்கமெல்லாம் சாய்ந்து சாய்ந்து எழுந்தது.

"இது தாமர" என்றார் ஆச்சிப்பிள்ளை.

"ம்."

"அது கொக்கு."

"ம்."

"அது இன்னொரு கொக்கு."

நபீஸா திரும்பி றிஸ்லானைப் பார்த்தார். றிஸ்லான் தண்ணீரைப் பார்த்தான்.

தீவு வந்தது. "இதில என்ன விசேசம்?" என்று நபீஸா கேட்டார்.

"ஒண்டுமில்ல ராத்தா. மாடு மேயும்."

பின்முனையிலிருந்து ஒரு முனகல். நல்லரத்தினம் சவளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையைத் தொட்டு, ஏதோ பறந்துபோவதுபோலக் கையை வீசி, மரத்தைக் காட்டி, விரலால் உச்சியில் வகிடு கீறிக் காட்டினார்.

"தலையிடிக்குதாம்" என்றார் நபீஸா. "றிஸ்லான், என்ட பையில பெனடோல் இரிக்கி, எடுத்துக் குடு."

பெனடோலை வாங்கிக் கையில் வைத்திருந்த மனிதரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சொல்லாத கதை துணிக்குள் முட்டி, மீசை இரண்டு பக்கமும் நிமிர்ந்து நின்றது.

அப்போதுதான் றிஸ்லான், "மாமி" என்றான். கையால் கரையைக் காட்டினான்.

கண்ணாக்காடு வளையும் இடத்துச் சேற்று மேட்டில் முதலைகள் கிடந்தன. ஒன்றல்ல. தோணி வருவதைக் கண்டும் அவை எழும்பவில்லை. காட்டுக்குள்ளிருந்து இன்னும் சில வந்தன. தண்ணீருக்குள்ளிருந்தும் ஏறின. இத்தனை வருடம் நல்லரத்தினத்தின் தோணியைக் கிட்ட வந்து பார்க்க விடாமல் தடுக்கப்பட்டிருந்த அத்தனை முதலைகளும் கலியாண வீட்டுக்கு வந்ததுபோல வந்து குவிந்தன. ஒரு கிழட்டு முதலை, முதுகில் பாசி பிடித்தது, குட்டிகளைத் தள்ளிக்கொண்டு முன்வரிசைக்கு வந்து படுத்தது.

நபீஸாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கைபேசியை எடுத்து டோஹாவிலுள்ள மகன் வீட்டுக்கு வீடியோ அழைப்பு எடுத்தார். பேத்தியின் முகம் திரையில் வந்தது. "இந்தா பாரு, வாப்பும்மா எங்க நிக்கிறன் எண்டு" என்று கதிரையை விட்டு எழும்பி, தோணியின் ஓரத்துக்குப் போய், பூப்போட்ட குடையைத் தண்ணீருக்கு மேலே நீட்டி முதலைகளைச் சுட்டிக் காட்டினார்.

கிழட்டு முதலைக்குக் குடை பிடித்துப்போயிருக்க வேண்டும். அலை எழுப்பாமல் தண்ணீருக்குள் இறங்கி நேரே வந்தது. தோணியின் அருகே தலையை உயர்த்தி, வாயைப் பிளந்தது. உள்ளே ஒரு சைக்கிளை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தலாம், அவ்வளவு வாய்.

றிஸ்லான் மாமியின் முந்தானையைப் பிடித்தான். ஆச்சிப்பிள்ளை பலகையைப் பிடித்தார். நல்லரத்தினம் துணியை இழுத்துக் கழுத்துக்குத் தள்ளிவிட்டு, தகப்பன் சொல்லிக்கொடுத்ததை மூச்சு விடாமல் முதலிலிருந்து கடைசிவரை சொன்னார்.

மந்திரம் பலித்தது. ஆனால் இதுவரை அவர் கட்டியதெல்லாம் மூடிக்கிடந்த வாய்களை. இது திறந்திருந்த வாய். திறந்தபடியே கட்டுப்பட்டுப் போனது.

வெயிலில் முதலை வாயைப் பிளந்துகொண்டு கிடப்பது சாதாரணம் என்று விலங்கியல் படித்தவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். தண்ணீரில் நின்றபடி, வாயை மூட முடியாமல், வெட்கத்தில் கண்ணைச் சுழற்றிய முதலையை அவர்கள் எந்தப் பாடத்தில் படித்தார்கள்? சின்ன மீன்கள் ஒரு பக்கத்தால் உள்ளே போய் மறுபக்கத்தால் வந்தன. மீன்கொத்தி ஒன்று கீழ்த்தாடையில் குந்தி, கூடு கட்டலாமா என்று அளந்து பார்த்தது.

நபீஸா அசையவே இல்லை. இந்தப் பக்கம் ஒரு படம், அந்தப் பக்கம் ஒரு படம், தானும் முதலையும் சேர்ந்து ஒரு படம் எடுத்தார். "பல்லுத் தீட்டுறதில்ல போல" என்றார்.

கைபேசிக்குள்ளிருந்து பேத்தியின் குரல் கேட்டது. "வாப்பும்மா, அது ஏன் வாய மூடுதில்ல?"

"அதானே. தம்பி, போதும், பாத்திட்டம். அத மூடச் சொல்லு. பாவம், தாட நோகும்."

நல்லரத்தினம் சவளைப் பார்த்தார். "எனக்கு அவிழ்க்கத் தெரியா ராத்தா."

"என்ன?"

"எங்கட அப்பா கட்டுறத மட்டும்தான் சொல்லித் தந்தவர். அவிழ்க்கிறது ஆம்பிளைக்கு இல்லயாம்."

"கட்டத் தெரியும், அவிழ்க்கத் தெரியாதா? இப்பிடி ஒரு மனிசன நம்பியா என்ன ஆத்துக்குள்ள கூட்டி வந்த?" என்று நபீஸா மருமகனைப் பார்த்தார். இந்த வருடத்து விருந்தாளிகள் எல்லோரும் திவாகரனின் போட்டில் ஏறி உட்காருவது நல்லரத்தினத்தின் கண்ணுக்குத் தெரிந்தது.

முன்முனையில் ஆச்சிப்பிள்ளை தொண்டையைச் செருமினார். முந்தானையைச் சரிசெய்தார். முதலையின் பக்கம் குனிந்து, குழந்தையை நித்திரையாக்கும் குரலில் நாலு வரி சொன்னார். முதலை வாயை டப்பென்று மூடியது. மீன்கொத்தி கடைசி நொடியில் தப்பியது. முதலை நல்லரத்தினத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தண்ணீருக்குள் அமிழ்ந்தது.



"ஆச்சிப்பிள்ள" என்றார் நல்லரத்தினம். "உனக்கு இது எங்கால?"

"எங்கட அம்மா தந்தவ. வீடு தரக்குள்ள இதையும் சேத்துத் தந்தவ. இது பொம்பிளை வழி."

"இவ்வளவு காலமும் ஏன் எனக்கு ஒரு வார்த்த சொல்லல்ல?"

"நீங்க வாய மூடினாத்தானே நான் சொல்லுறதுக்கு."

நபீஸா சிரித்த சிரிப்பில் தோணி ஆடியது. கொக்குகள் எழும்பிப் பறந்தன. றிஸ்லான் முதலில் மாமியின் முகத்தைப் பார்த்து, சிரிக்கலாம் என்று உறுதிசெய்துகொண்டு, பிறகு சிரித்தான்.

கரைக்குத் திரும்பும் வழியில் தீர்ப்பு வந்தது. "இந்த வருசம் ஆக்கள் இந்தத் தோணிக்குத்தான். ஆனா கட்டுறவரும் அவிழ்க்கிறவவும் ரெண்டு பேரும் வரணும். அவ முன்னுக்கு." பிறகு நபீஸா கதிரையைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "இப்பதான் உனக்கு வாய் அவிண்டிட்டே தம்பி. அந்தத் தீவில என்னமோ கையால காட்டினியே. அது என்ன?"

நல்லரத்தினம் ஒருதரம் தொண்டையைக் கனைத்தார். "ராத்தா, ஒல்லாந்தர் காலத்தில ஒரு கப்பித்தான்" என்று தொடங்கினார். தோணி கரை சேர வழக்கத்தைவிட வெகுநேரம் பிடித்தது.

இப்போது பழுகாமத்துத் துறையில் அதுதான் நடைமுறை. போகும்போது நல்லரத்தினத்தின் வாயில் வெள்ளைத் துணி. ஆச்சிப்பிள்ளை கொக்கைக் கொக்கு என்று சொல்லி முதலை காட்டுவார். வரும்போது துணி அவிழும். அதே தாமரை, அதே தீவு, அதே கொக்கு எல்லாம் வேறாகிவிடும். ஒரே வாவியை ஒரே பகலில் இரண்டுமுறை பார்க்கலாம். வெளிச்சவீட்டில் அது முடியாது.

போன மாதம் நானும் ஒருதடவை போய் வந்தேன். எனக்குப் பக்கத்தில் மலேசியாவிலிருந்து வந்த புதுத் தம்பதி. போகிற வழி, தீவு வந்தது. அந்தப் பெண் ஆச்சிப்பிள்ளையிடம், இந்த இடத்தில் என்ன சிறப்பு என்று கேட்டாள்.

மாடு மேயும் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். ஆச்சிப்பிள்ளை தீவைப் பார்த்தார். பிறகு கொக்கு ஒன்றைச் சுட்டிக் காட்டினார்.

"அதுட தலைய வடிவாப் பாருங்க மகள். நடுவகிடு தெரியுதா? அது ஒரு பெரிய கத. ஒரு கப்பித்தான்ட பொய்முடி. காத்துப் பறிச்ச எண்டு சிலபேர் சொல்லுவாங்க. அது பொய். அவன்ட பொஞ்சாதிதான் பிடுங்கி எறிஞ்சவ, அவன் கதைய நிப்பாட்டினாத்தானே."

பின்முனையில் சவள் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். வெள்ளைத் துணிக்கு மேலே நல்லரத்தினத்தின் கண்கள் இரண்டும் விரிந்திருந்தன. மா இடித்த உலக்கைச் சத்தத்துக்குள்ளும் அத்தனை காலமாக ஒருத்தி ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். துணி உப்பிப் புடைத்தது. உள்ளே அவர் சிரிக்கிறார் என்று தோணி குலுங்கிய குலுக்கத்தில் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.